நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

வழக்குக் கோப்பின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுக்கச் சொன்னார் நீதிபதி.

பார்வையாளர் வரிசையில் இருந்த அவள் நிமிர்ந்தாள். அது அவள் எழுதிய கடிதம்.

கையால், தமிழில், மூன்று பக்கம். மொழிபெயர்ப்பு பின்னால் இணைத்திருந்தது. மகன் ஆரூரனின் முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்த பின்னேரம், வந்தவர்கள் சாப்பிட்ட சோற்றுக் கோப்பைகள் கழுவாமல் கிடக்க, ஒரே மூச்சில் எழுதித் குடிவரவுத் திணைக்களத்துக்குத் தானே தபாலில் போட்டது.

காரை ஓட்டியவன் வாகீசன். மகனின் சிநேகிதன்.

குடித்திருந்தான்.

பக்கத்து இருக்கையில் இருந்த ஆரூரன் ஆஸ்பத்திரி வரைக்கும்கூட வரவில்லை.

வாகீசன் சிறைத்தண்டனை பெற்று மறியலில் இருக்கும்போதே அவனுடைய விசாவை ரத்துச் செய்துவிட்டார்கள். நன்னடத்தை இல்லாதவனாம். மறுபரிசீலனை கேட்டான். முடியாது என்று ஓர் அதிகாரி எழுதினார். தண்டனை முடிந்ததும் வீட்டுக்கு விடவில்லை, தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இந்த வழக்கும் தோற்றால் அவனைக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். மனைவி துஷ்யந்தியும் நாலு வயது மகளும் இங்கே.

துஷ்யந்திதான் இப்போது பக்கத்தில் இருந்து, அங்கே பேசுவதையெல்லாம் காதுக்குள் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு கடிதம் இருப்பதே அவளுக்கு வழக்குப் போட்ட பிறகுதான் தெரியவந்தது. அன்று வீடு தேடி வந்து, வாசலிலேயே காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவன் நல்லவனா கெட்டவனா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கிற வேலை இந்த நீதிமன்றத்துக்கு இல்லையாம். அதிகாரி சரியான முறையில் முடிவெடுத்தாரா, அவ்வளவுதான் கேள்வி. பதினெட்டுப் பக்கத் தீர்மானத்தில் அவளுடைய கடிதத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆகவே அதிகாரி அதை வாசிக்கவில்லை என்றார் வாகீசனின் சட்டத்தரணி.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். நெடுநேரம் பேசினார்.

துஷ்யந்தி திடீரென்று பேச்சை நிறுத்தினாள்.

என்ன சொல்கிறார் என்று அவள் கேட்டாள். துஷ்யந்தி தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். வாசித்திருந்தாலும் முடிவு மாறியிராதாம்.

மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்பு. கடிதத்தை அதிகாரி வாசிக்கவேயில்லை. இறந்தவனின் தாய் எழுதியதைக் கண்ணால் பாராமல் எடுத்த முடிவு செல்லாது.

துஷ்யந்தி அவளைக் கட்டிப்பிடித்து விம்மினாள்.

அவளும் அழுதாள். அது வேறு அழுகை.

இரண்டு வருடமாக, எங்கோ ஓர் அறையில் முகம் தெரியாத ஒருவருக்கு ஆரூரனைத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அவன் மாரிகாலத்தில் பிறந்தது, கத்தரிக்காயைக் கண்டால் கோப்பையைத் தள்ளிவிடுவது, முதல் சம்பளத்தில் தனக்கொன்றும் வாங்காமல் அவளுக்குக் கைக்கடிகாரம் வாங்கியது. எல்லாம் எழுதியிருந்தாள். இந்த நாட்டில் ஒருவருக்காவது தெரியட்டும் என்று.

ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கும் அதை யாரும் உரத்து வாசிக்கவில்லை. பக்க எண்ணைத்தான் சொன்னார்கள்.

வெளியே நடைக்கூடத்தில் வாகீசனின் சட்டத்தரணி விளக்கினார். அவரும் தமிழ்ப் பிள்ளைதான். வாகீசனை இன்றைக்கே விடமாட்டார்கள். இன்னோர் அதிகாரி முதலில் இருந்து பார்த்து மறுபடி முடிவெடுப்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

“அம்மா, புதுசா ஒரு கடிதம் வேணும். இப்பவும் அவரை மன்னிக்கிறீங்கள் எண்டு ஒரு பக்கம் எழுதினாக் காணும். மகன்ர கதையெல்லாம் வேண்டாம். முதல் வரியிலயே மன்னிப்பு வரட்டும்.”

தாளும் பேனாவும் கொடுத்தார். அவள் சுவரோர மர வாங்கில் இருந்து, கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் எழுதினாள்.

வாகீசனை நான் மன்னித்துவிட்டேன்.

அதற்கு மேல் பேனா நகரவில்லை.

அந்தப் பழைய கடிதத்தில் இது கடைசி வரி. மூன்றாம் பக்கத்தின் அடியில். அதை எழுதப்போகிறாள் என்று எழுதி முடிக்கும்வரை அவளுக்கே தெரியாது. அன்றைக்கு, இவனை இந்த நாட்டில் வைத்திருக்காதேயுங்கோ, அனுப்பிவிடுங்கோ என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தாள். அதற்கு முதல் மகன் யாரென்று சொல்லவேண்டுமே என்று அவன் பிறந்ததில் இருந்து தொடங்கினாள். எழுத எழுதக் கை வேறெங்கோ போய்விட்டது. இதை அவள் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

எழுதிய வரியைப் பார்த்தாள். யாரோ சொல்லித்தந்து எழுதியது போல இருந்தது.

தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வேறு தாள் கேட்டு வாங்கினாள்.

என் மகன் ஆரூரன் ஒரு மார்கழி மாதம், விடாத மழையில் பிறந்தான்.

சட்டத்தரணி எட்டிப் பார்த்தார். பிறகு கைபேசியோடு அப்பால் போனார்.

துஷ்யந்தி பக்கத்தில் வந்து இருந்தாள். ஒரு பக்கம் நிரம்பியது. ஆரூரன் இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை.

“அம்மா, என்ர மனுசன்ர பேர் எப்ப வரும்?”

அவள் நிமிர்ந்து துஷ்யந்தியின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“எழுதிப் பாத்தாத்தான் தெரியும், பிள்ளை.”

துஷ்யந்தி எழுந்து போனாள். இன்னும் இரண்டு தாள் வாங்கிக்கொண்டு வந்து, அவளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.