வெளியே போக வேண்டியவர்

தணிகாசலத்துக்குக் கோபம் ஏறி, இதயத் துடிப்பை அளக்க மணிக்கட்டில் மாட்டிய பட்டை சிவந்துவிட்டால், கோபமூட்டியவர் உடனே அறையைவிட்டு வெளியேற வேண்டும். அவருடைய இதயத்துக்காக டாக்டர் போட்ட பாழாய்ப்போன விதி அது. குழம்பில் உப்புக் குறைந்தாலும் சிவக்கும், மகளின் காலேஜ் பேச்சை எடுத்தாலும் சிவக்கும். அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். மனைவி பொற்கொடி பாதிச் சோற்றில் எழுந்து பால்கனி வெயிலில் போய் நிற்பாள். சொல்ல வந்ததையெல்லாம் பதினோரு வருடங்களாக அங்கே நின்றுதான் விழுங்கினாள்.

அவர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். மாரடைப்பு அவளுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளுக்கும் ஒரு பட்டை மாட்டினாள்.

"உடம்பப் பாத்துக்கத் தெரியாத ஜென்மம்" என்று தணிகாசலம் ஆரம்பித்ததுமே அது சிவந்தது. நர்ஸ் அவருக்குக் கதவைக் காட்டினாள். அவர் நகரவில்லை. வழக்கம்போலத் தன் கையைத் தூக்கினார். அதுவும் சிவப்பு.

நர்ஸ் திகைத்தாள். "ரெண்டு பேருக்கும் சிவந்தா யாருங்க வெளிய போறது?"

பொற்கொடி மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை விலக்கினாள்.

"பதினோரு வருஷம் நான் போய் நின்னேன். இப்ப நீங்க போங்க. போய் வெயில்ல நில்லுங்க."