நடுவழியில் ஒரு கூடை

"ஏம்மா, கூடையை எடு! வழியை மறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே, அறிவு இருக்கா?"

இன்ஜினியர் உலகநாதன் போட்ட சத்தத்துக்குக் குப்பம்மா அசைந்தே கொடுக்கவில்லை.

"யாவாரம் சார். நான் எங்க போவேன்?"

கள்ளிக்குப்பம் பக்கத்தில் எழும்பிய புது ஸ்டேஷனுக்கு பிளான் போட்டவர் உலகநாதன்தான். பஸ் ஸ்டாண்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே நெடுஞ்சுவர். அந்தக் கோடியில் மேம்பாலம். ஷிப்டுக்கு ஓடுகிற ஜனம் பாவம், படியேறித் திண்டாட வேண்டாமே என்று சுவரில் ஒரு சந்து விட்டிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கினால், தண்டவாளத்தைத் தாண்டி நேரே பிளாட்பாரம்! ஊரே அவரைப் புகழ்ந்தது.

இன்றைக்கு மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் மற்ற ஸ்டேஷன்களுக்கும் இதே பிளான்தான்.

அந்தச் சந்தில் போயா இந்தப் பொம்பளை உட்கார வேண்டும்?

அதுவும் சும்மா உட்காரவில்லை. ஓரமாக இருப்பவள், ரயில் ஊதினதும் கூடையை நடுவில் இழுத்துப் போடுகிறாள். ஜனம் அவளைத் திட்டித் தீர்க்கிறது. என்ன கொழுப்பு!

வந்ததே கோபம் உலகநாதனுக்கு. போலீஸ்காரர்களைக் கூப்பிட்டார்.

"ஐயோ, வேணாம் சார்! உன் காலைப் புடிக்கிறேன், என்னை இங்கியே உட்டுடு சார்!"

கதறக் கதற இழுத்துக்கொண்டு போனார்கள்.

கூடை மட்டும் கிடந்தது. உலகநாதன் காலால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. மேலே கிடந்த துணியை விலக்கினார்.

கீரையும் இல்லை, காயும் இல்லை. உள்ளே அத்தனையும் செங்கல்.

"இது என்னய்யா வியாபாரம்?"

டீக்கடை உஸ்மான் கனி கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"யாவாரமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். போன ஆடியில அதோட பொண்ணு இந்தச் சந்துல பூந்து ஓடித்தான் ரயில்ல அடிபட்டு செத்துச்சு. போவாதீங்க, போவாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்துச்சு. யார் கேட்டா? அதான் வண்டி வர்றப்பல்லாம் கூடையை வெச்சு மறிச்சிகினு, திட்டு வாங்கிகினு கீது."

உலகநாதன் துணியை எடுத்துக் கூடையைப் பழையபடி மூடினார்.

அந்த நேரம் பார்த்து ரயில் ஊதியது. ஆவடி பஸ்ஸிலிருந்து கூட்டம் குதித்து ஓடிவந்தது.

உலகநாதன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சந்தில் போய் நின்றார்.

"யோவ், நவுருய்யா! வழியை மறிச்சிகினு நிக்கிறியே, அறிவு கீதா ஒனக்கு?"

அவரை ஓரமாகத் தள்ளிவிட்டு, கூட்டம் தண்டவாளத்தில் இறங்கியது.