ஆளில்லாத வீடுகள்

“வாஷிங்டன்ல இருந்து காசு கிளம்பிடுச்சு. நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்து சேரல. நடுவுல தின்னது எவன்?”

ஹார்லன் மேசையைத் தட்டியதில் பீன்ஸ் கிண்ணம் குதித்தது. சர்ச் கூடத்தில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டினோம்.

மேற்கு வர்ஜீனியா மலையில் எங்கள் பள்ளத்தாக்குக்கு இருப்பதே ஒரே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதையும் மூடப் போகிறார்களாம். ஹார்லன் மனைவி நோரீனுக்கு அடுத்த மாதம் பிரசவம். வலி எடுத்தால் இனி மலையைத் தாண்டித்தான் ஓட வேண்டும். வயிறு எரியாதா?

தலைநகரிலிருந்து வந்த அதிகாரியைப் பார்த்தால் எனக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆசையாக வைத்த சோளரொட்டியை மனிதர் தொடக்கூட இல்லை.

“யாரும் தின்னலைங்க. மத்திய அரசுப் பணம் தலைக்கு இவ்வளவுன்னுதான் பிரிஞ்சு வருது. ஆள் குறைஞ்சா பணமும் குறையும். போன மக்கள்தொகைக் கணக்கெடுப்புல உங்க பள்ளத்தாக்கு பூரா ஆளில்லாத வீடுன்னு இருக்கு.”

“ஆளில்லையா? என் வீட்டுலயே ஏழு உருப்படி! அப்ப நாங்க என்ன பேயா?”

கூடம் சிரித்தது. ஹார்லனுக்குச் சூடு ஏறியது.

“எண்ண வந்தவன் வீட்டுல உக்காந்தே எழுதியிருப்பான். இல்லைன்னா பக்கத்து மாவட்டத்துக்காரன்கிட்ட கை நீட்டியிருப்பான். யாருய்யா அது? கூப்பிடுங்க!”

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அதிகாரியோடு வந்தவள். அதுவரை வாயே திறக்காததால், உளவு பார்க்க வந்தவள் என்றே நான் நினைத்திருந்தேன்.

“நான்தாங்க வந்தேன்.”

“பொய்! நீ எங்க மலை ஏறினதே இல்ல.”

“ஏறினேங்க. முதல் வீட்டுல கார் ஹாரன் அடிச்சாங்க. அப்புறம் ஒவ்வொரு வீடா கதவைச் சாத்திக்கிட்டாங்க.”

தாத்தாக்கள் திருட்டுச் சாராயம் காய்ச்சிய காலத்திலிருந்து எங்களுக்கு ஊறிப் போன பழக்கம் அது. சர்க்கார் வண்டி ஏறினால் ஹாரன். ஹாரன் கேட்டால் தாழ்ப்பாள். நோரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹார்லன் மட்டும் விடவில்லை. “என் வீட்டுக் கதவையாவது தட்டினியா?”

“தட்டினேங்க.” அவள் பேன்ட்டைக் கொஞ்சம் உயர்த்தினாள். கெண்டைக்காலில் பல் பதிந்த தழும்பு.

“உங்க வீட்டுல இருந்து வெளியே வந்தது ஒரே ஒரு உயிர்தான். நாயைக் கணக்குல சேர்க்க எனக்கு அனுமதி இல்லைங்க.”