இன்னும் சிறுசாக்கு, கண்ணு

"இதுவும் பெருசா இருக்குது. இன்னும் சிறுசாக்கு, கண்ணு."

மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார் முதலாளி சென்னிமலை. ஜெயசுதா பல்லைக் கடித்துக்கொண்டாள். எம்பிக்கும் ஜிபிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன், எஞ்சினியரிங் படித்தவளுக்கு வீடியோ சுருக்கப் பாடம் நடத்துகிறார்!

டி-ஷர்ட்டுகளைப் பெட்டி கட்டுமுன் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி எடுத்த வீடியோ அது. ஜெர்மனி பையர் அதைப் பார்த்து 'சரி' என்றால்தான் சரக்கு கப்பலேறும்.

"இதுக்கு மேல சுருக்குனா படம் கட்டங்கட்டமா உடைஞ்சிருமுங்க சார். லிங்க் போட்டு அனுப்பிச்சா சுருக்காமயே போயிருமுங்க."

"லிங்க்கும் வேண்டாம், கிங்க்கும் வேண்டாம். மெயில்லயே போகோணும். படம் மங்குனா மங்கீட்டுப் போகுது."

வாய் நிறைய 'ங்க' போட்டாளே தவிர, அவளுக்கு மனசுக்குள் அவர்மேல் ஒரு சொட்டு மரியாதை இல்லை.

சென்னிமலை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையில் மூக்கு உரசக் குனிந்தார். எத்தனை எம்பி என்று பார்க்கவேயில்லை. ஒரு டி-ஷர்ட்டின் தோள்பட்டையைத்தான் உற்றுப் பார்த்தார். சைஸ் எங்கே எழுதியிருக்கும் என்றுகூடத் தெரியவில்லை பார், என்று ஜெயசுதாவுக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னொருக்கா சுருக்கி வை. சாப்பிட்டுட்டு வந்து பாக்கறேன்."

வேலை என்றால் என்னவென்று இந்த ஆளுக்குக் காட்டியே தீருவது என்று உட்கார்ந்தாள். வீடியோவைப் புது ஃபார்மட்டுக்கு மாற்றினாள். அசையாத சுவருக்கும் மேசைக்கும் வீணாகிற சைஸை வெட்டி, அதையெல்லாம் துணிக்கே கொடுத்தாள். சைஸ் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. படமோ பளிச்சென்று நின்றது. அவர் திரும்பி வந்து மறுபடியும் ஏதாவது உளறுவதற்குள் பையருக்கு அனுப்பியும் விட்டாள்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார் சென்னிமலை.

"மெயில்லயே போயிருச்சுங்க சார். சைஸ் பத்துல ஒரு பங்குதானுங்க. ஆனாப் படம் துளிகூட மங்கலீங்க. ஒவ்வொரு தையலையும் எண்ணிப்போடலாமுங்க!"

பாராட்டுக்குக் காத்திருந்தாள். அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அப்ப, தோள் தையல்ல இருக்கற ஓட்டையெல்லாம் தெரியுமே, கண்ணு!"