தாழ்ப்பாள்

நாடகம் உச்சக்கட்டத்தில் இருந்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தளபதி ஃபைடிமோஸ் விருட்டென்று எழுந்தார்.

மேடையில் ராஜா, அரண்மனைக் கதவை அடைத்துவிட்டு விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். வெளியே கதவைத் தட்டுவது அவனுடைய சொந்தத் தம்பி. பகைவர்கள் துரத்திக்கொண்டு வருகிறார்கள். என்றைக்கோ சபையில் எதிர்த்துப் பேசிய தம்பி அவன். திறந்தால் ராஜாவின் கௌரவம் என்ன ஆவது?

"அவன் சாவது விதி. நான் என்ன செய்ய முடியும்?" என்றான் ராஜா.

பாடகர் குழு ஒரே குரலில் கேட்டது:

"விதி என்கிறாய், அரசே! தாழ்ப்பாள் உன் கையில் அல்லவா இருக்கிறது?"

அந்த வரிக்குத்தான் தளபதி எழுந்தார். பக்கத்திலிருந்த பூசாரியின் காலை மிதித்தார். மன்னிப்புக்கூடக் கேட்காமல், ஆடுகளத்தின் ஓரமாகவே விடுவிடுவென்று நடந்து வெளியேறினார்.

ஏதென்ஸ் நகரமே நாடகத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது.

"குத்திடுச்சு பாருய்யா தளபதிக்கு!"

"பின்னே? பொண்ணு ஒரு கொரிந்து ஊர்ப் படகுக்காரனைக் கட்டிக்கிட்டாள்னு எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாரு! அவன் கடல்ல மூழ்கிச் செத்துட்டான். வயித்துப் பிள்ளையோட திரும்பி வந்தவகிட்ட இன்னும் ஒரு வார்த்தை பேசலையாமே!"

"அவரைச் சொல்லித்தான் எழுதியிருக்கான். நல்லா வேணும்!"

ஒருவன் சிரித்தான். ஒருவன் ஆலிவ் கொட்டையை எறிந்தான். அந்தக் கூச்சலில் மிச்ச நாடகம் யார் காதிலும் விழவில்லை. ராஜா மனம் மாறி ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறான். வாசலில் தம்பியின் பிணம் கிடக்கிறது. ஊரே கதறியிருக்க வேண்டிய இடம் அது.

மேடைக்குப் பின்னால் கிலீனியாஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நாடகத்தை எழுதியவன் அவன்தான். பெரிய விழாவில் அவனுக்கு இதுதான் முதல் நாடகம்.

ராஜாவாக நடித்த தெரோன் முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான்.

"ஏம்பா, பிணத்தைக் கட்டிக்கிட்டு நான் தொண்டை கிழியக் கத்துறேன், எதிர்ல ஒருத்தன் வறுத்த கொண்டைக்கடலைக்குப் பேரம் பேசிட்டு இருக்கான்!"

"எல்லாம் அந்த ஆளால வந்தது. போய் நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

"தளபதிப்பா அவரு. துடுப்புப் போடக் கப்பல்ல ஏத்திடப் போறாரு."

"ஏத்தட்டும். அங்கேயும் உட்கார்ந்து அவரைப் பத்தித்தான் எழுதுவேன்!"

தளபதியின் வீட்டில் அவர் இல்லை. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் அழுகை மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

'யாரையோ அழவிட்டுட்டுத்தான் காலையில கிளம்பியிருக்கார். என்ன மனுஷனோ!' கிலீனியாஸுக்குக் கோபம் இன்னும் ஏறியது. தெருமுனையில் இருந்த ஹெர்மெஸ் தெய்வத்தின் சிலைக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தான்.

வெயில் தாழ்ந்த பிறகு தளபதி வந்தார். குதிரை இல்லை, கூட ஆள் இல்லை. விழாவுக்கு உடுத்திய வெள்ளை அங்கி முள்ளில் சிக்கிக் கிழிந்திருந்தது. முழங்காலில் ரத்தம். மேலங்கியை நெஞ்சோடு சுருட்டிப் பிடித்திருந்தார்.

கிலீனியாஸ் வழியை மறித்தான்.

"தளபதியாரே! பிடிக்கலைன்னா முடிஞ்சதும் திட்டியிருக்கலாம். நடுவுல எழுந்து போய் என் உழைப்பையே சிரிப்பா சிரிக்க வச்சிட்டீங்களே! அந்த ராஜா நீங்கதான்னு நான் எழுதல. உங்களுக்கே அப்படித் தோணினா அதுக்கு நானா பொறுப்பு?"

"கத்தாதேப்பா" என்றார் தளபதி மெதுவாக. "இப்பத்தான் தூங்குது."

மேலங்கியை லேசாக விலக்கினார். உள்ளே சிவந்த, சின்னஞ்சிறு முகம்.

"என் பொண்ணு மெலித்தாவுக்குப் பிறந்தது. என் பேரன். படகுக்காரன் பிள்ளை என் வீட்டுல வளரக் கூடாதுன்னு, காலையில வேலைக்காரன்கிட்ட கொடுத்து மலையில விட்டுட்டு வரச் சொன்னேன். பிழைக்கிறதும் போறதும் அது விதின்னு சொல்லிட்டு, நான் பாட்டுக்கு வந்து நாடகம் பார்க்க உட்கார்ந்தேன்."

கிலீனியாஸ் மறித்த வழியை விட்டு விலகினான்.

"அந்தத் தாழ்ப்பாள் வரியைக் கேட்டப்புறம் எப்படி உட்கார முடியும், சொல்லு? ஓடினேன். ஒவ்வொரு புதரா விலக்கித் தேடினேன். சத்தமே இல்ல. போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சப்போ ஒரு பாறைக்குப் பின்னாலேருந்து அழுதான் பாரு…"

கதவு திறந்தது. மெலித்தா ஓடிவந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து அதன் கை, கால், வயிறு எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். சிரித்தாள், அழுதாள். பிறகு நிமிர்ந்து, "உள்ளே வாங்கப்பா. காலெல்லாம் ரத்தம்" என்றாள்.

தளபதி முகத்தைத் துடைத்துக்கொண்டு கிலீனியாஸைப் பார்த்தார்.

"உன் நாடகத்தோட முடிவைத்தான் பார்க்க முடியல. அந்த ராஜா கதவைத் திறந்தானா?"

"திறந்தாருங்க."

"வெளியே நின்ன தம்பி… உயிரோட இருந்தானா?"

கிலீனியாஸ் மெலித்தாவின் மடியைப் பார்த்தான். எத்தனையோ இரவு கண்விழித்து, அழுது அழுது எழுதிய கடைசிக் காட்சி அது.

"இருந்தாருங்க" என்றான். "அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க."