தெர்மாமீட்டர் சொன்ன நல்ல சேதி

ரோஸ்லின் நாலு நாளாக டெங்குக் காய்ச்சலில் கிடந்தாள். ஐந்தாம் நாள் காலை தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு காட்டியது. கணவனுக்கு ஒரே நிம்மதி. "ஜுரம்தான் விட்டாச்சே, இன்னிக்கு ரத்தப் பரிசோதனை எதுக்கு? எழுந்து ஒரு ரசம் வை" என்றான்.

வாஷ்பேசின் மேலிருந்த டூத் பிரஷ்ஷுக்குப் பொறுக்கவில்லை. "இரு, அவசரப்படாதே. பல் தேய்க்கும்போது என் மேலெல்லாம் அவ ரத்தம். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தா. கை ஜில்லுன்னு இருந்தது. ஜுரம் விட்ட பிறகுதான் ஜாக்கிரதையா இருக்கணும்னு டாக்டர் சொன்னாரே!"

"படிச்சவன் நான் நம்பர் சொல்றேன்" என்றது தெர்மாமீட்டர். "பல் தேய்க்கிற உன்கிட்ட யாரும்மா கேட்டா?"

அதற்குள் கணவன் சிவந்த பிரஷ்ஷைப் பார்த்துவிட்டான். "பழசாகி ஈறைக் கிழிக்குது" என்று குப்பைக்கூடையில் போட்டான். அக்கறையுள்ள மனுஷன், புதுசு வாங்கித் தருவான்.

மதியம் ரோஸ்லின் ரசத்தைக் கொதிக்கவிட்டு, அடுப்படியிலேயே சரிந்தாள். ஓடிவந்தவன் முதலில் தேடி எடுத்தது தெர்மாமீட்டரைத்தான்.

"தொண்ணூற்றைந்து" என்றது அது பெருமையாக. "காலையைவிட இப்ப இன்னும் தேவலை."