கழுத்தை நீட்டும் முன்

காபி வந்தபோது பெத்துராஜுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேசரி வந்தபோதுதான் லேசாக உறுத்தியது.

டாக்டரைப் பற்றி விசாரிக்க வந்த ஆளுக்கு யாராவது முந்திரி போட்டுக் கேசரி கிண்டுவார்களா?

பக்கத்தில் அவர் மனைவி பாலம்மாள் முந்தானையைக் கழுத்தோடு சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. வருகிற வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டையில் ஆபரேஷன். கட்டியை ஒட்டியே குரலுக்குப் போகிற நரம்பு ஓடுகிறதாம். அதில் கை பட்டுவிட்டால் பேச்சு போனாலும் போய்விடும் என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொல்லியிருந்தார்கள்.

அன்றிலிருந்து பெத்துராஜுக்குச் சோறு இறங்கவில்லை. குருவிகுளம் பக்கம் தன் காட்டில் அவர் எந்த மூலையில் நின்றாலும் பாலம்மாள் வாசலில் நின்று ஏசுவது காதில் விழும். அந்தச் சத்தம் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கத்தி வைக்கப்போகிற டாக்டர் சண்முகப்ரியாவோ பார்வைக்குச் சின்னப் பிள்ளையாக இருந்தாள்.

"ஒருக்கா விசாரிக்காம ஒமக்குக் கழுத்த நீட்டிட்டேன். இந்தத் தடவ விசாரிச்சிட்டுத்தான் நீட்டுவேன், பாத்துக்கிடும்," என்று பாலம்மாள் சொல்லிவிட்டாள்.

விசாரிப்பதில் பெத்துராஜுக்கு ஒரு முறை உண்டு. மாடு வாங்கினாலும் சரி, மகளைக் கட்டிக்கொடுத்தாலும் சரி, வளர்ந்த இடத்தில் போய்க் கேட்டுவிடுவார். டாக்டருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் என்று தெரிந்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

தெருமுனை டீக்கடையில் ஆரம்பித்தார். பிள்ளை குணம் எப்படி, சட்டென்று கோபம் வருமா, நேரத்துக்குத் தூங்குமா, கை நடுக்கம் கிடுக்கம் உண்டா. கடைக்காரர் சிரித்தபடியே எல்லாவற்றுக்கும் தங்கமான பதிலாகச் சொன்னார். இவர்கள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் டாக்டர் வீட்டுக்குப் போன் போய்விட்டது.

டாக்டரின் அப்பா சங்கரசுப்பு, பாத்திரக்கடைக்காரர், வாசல்வரை வந்து அழைத்துப்போனார்.

அம்மா சுந்தரம்மாள் முதல் கேள்வியாகக் குலசாமி எது என்றாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிய நேர்ந்துகொள்ளத்தான் கேட்கிறாள் என்று பெத்துராஜ் பக்தியோடு சொன்னார். நல்லவேளை, எங்களுக்கு வேறு சாமி என்று அவள் முகம் மலரச் சொன்னாள். சாமி வேறாக இருப்பதில் என்ன நல்லவேளை என்று அவருக்கு விளங்கவில்லை.

பையன் எங்கே வேலை பார்க்கிறான் என்றாள். கோயம்புத்தூரில் என்றார். துணைக்கு இருக்க லீவு கிடைக்குமா என்று யோசிக்கிறாள் போலும்.

ராஜபாளையத்திலிருந்தும் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை வருகிறது என்று அவள் பேச்சுவாக்கில் போட்டுவைத்தாள். பாவம், அவர்கள் வீட்டில் யாருக்குக் கட்டியோ என்று பெத்துராஜ் உச்சுக்கொட்டினார்.

கேசரிக்குப் பின்னால், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகம் வந்தது.

வாயில் போட்டதை விழுங்க முடியாமல் அவர் பாலம்மாளைப் பார்த்தார். அவளுக்கு எப்போதோ விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பெத்துராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்க நிற்கிற வீட்டில் குறை சொல்வார்களா? அதற்குத் தெருவே ஒத்தாசை செய்யும். காலையிலிருந்து கேட்ட நல்ல வார்த்தை அத்தனையும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னது. அதை நம்பி இவள் கழுத்தை எப்படிக் கொடுப்பது?

துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

அவர் முகம் மாறியதைச் சுந்தரம்மாள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். யாரோ முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். கணவர் கண்ணைக் காட்டித் தடுக்கத் தடுக்க, தானே சொல்லிவிட்டாள்.

"ஒரு குறைய மறைக்கக் கூடாது அண்ணாச்சி. பொண்ணு பாக்க வந்தவுகள மூணு தடவ காக்க வச்சே அனுப்பிட்டா எம்மவ. கத்தி வச்ச ஆளு கண்ண முழிச்சு, வாயத் தொறந்து தம்பேரச் சொல்லுத வரைக்கும் அந்தக் கட்டில விட்டு நகர மாட்டா. பெத்தவ போன் போட்டாலும் எடுக்க மாட்டா. நாளைக்குப் புருசன் வீட்டுலயும் இப்படித்தான் இருப்பா."

சங்கரசுப்பு தரையைப் பார்த்தார். இந்த இடமும் போயிற்று என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

எழுந்த பெத்துராஜ் மறுபடி உட்கார்ந்தார். பாலம்மாளைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினார்.

பாலம்மாள் முந்தானையை விலக்கினாள். அந்த வீட்டுக்குள் வந்த பிறகு அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"தாயி, நாங்க பொண்ணு பாக்க வரல. வெள்ளிக்கெழம ஒங்க மவகிட்ட இந்தக் கழுத்தக் குடுக்கப் போறேன். அதான் எப்படிப்பட்ட பிள்ளைன்னு விசாரிக்க வந்தோம்."

சுந்தரம்மாள் அந்தக் கட்டியையே பார்த்தாள். பிறகு ஜாதகத்தை எடுத்து மடித்தாள். பாலம்மாள் தொடாமல் வைத்திருந்த கேசரித் தட்டை அவள் கைப்பக்கம் நகர்த்திவிட்டு, கணவரிடம் திரும்பினாள்.

"ராசபாளையத்துக்காரவுகளுக்குப் போனப் போடுங்க. வெள்ளிக்கெழம வேண்டாம், பிள்ள வர நேரமாவும்னு சொல்லிருங்க."